முன்கண்ணாடி வடு: சூடு தணியட்டும்

முன்செல்லும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல், காரின் முன்கண்ணாடியில் மிளகளவு வடுவை ஏற்படுத்துகிறது. அதைப் பொருட்படுத்தாமல் விட்டால், குறுக்கே ஓடும் விரிசலாக வளர்ந்து, கண்ணாடியையே மாற்ற நேரிடலாம்.

முன்கண்ணாடி, இரு கண்ணாடித் தகடுகளும் இடையே ஒரு பிளாஸ்டிக் படலமும் இணைந்தது. வடு பெரும்பாலும் வெளித்தகட்டோடு நின்றுவிடும். அதிலுள்ள காற்றை உறிஞ்சி, திரவப் பிசினைச் செலுத்தி, புற ஊதா ஒளியால் இறுகச் செய்வதே பழுதுநீக்கம்.

நாகபுரியின் மே மாத வெயிலில் நின்ற காரில் இதனை உடனே தொடங்கலாகாது. சூடேறிய கண்ணாடி விரிவதால் நுண்விரிசல்களின் வாய் நெருங்கிப் பிசினைத் தடுக்கும். செலுத்தும் அழுத்தமே விரிசலை நீட்டவும் கூடும். வெயிலிலும் புற ஊதா ஒளி உண்டு என்பதால் பிசின் முன்கூட்டியே இறுகிவிடும். எனவே முதலில் நிழல். பின்னர், குளிரூட்டிய சிறு உலோகக் கருவியை வடுவின் அருகே பதித்து வைப்பர். அது சூட்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலோ பிசின் தடித்து உட்புகாது. அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றுவது விரிசலை நாமே வரவழைப்பதாகும்.

செலவுக்குக் காப்பீடு கோரலாமா? மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருப்பின் இயலாது. முழுமைக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ஆயினும் 1500 சி.சி. வரையிலான கார்களுக்குப் பொதுவாக முதல் 1000 ரூபாய் உரிமையாளரின் பொறுப்பு. அதற்குட்பட்ட பழுதுக்குக் கோரிக்கை வைப்பதில் பயனில்லை. 20 முதல் 50 சதவீதம் வரையிலான கோரிக்கையின்மைச் சலுகையையும் இழக்க நேரலாம். கண்ணாடிப் பழுதுக்கு விலக்களிக்கும் பாலிசிகளும் உள்ளமையால், விண்ணப்பிக்குமுன் தங்கள் பாலிசி ஆவணத்தைப் பார்த்துக்கொள்க.