உடம்புச் சூடு அல்ல, கட்டி

பெங்களூரில் மூக்கடைப்பு ஒரு செய்தியே அல்ல. குளிர், தூசு, காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் - உள்ளூர்க்காரர்கள் வாயில் 'காங்கிரஸ் செடி' - என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. எனவே பதினான்கு வயதுப் பையனுக்கு ஒரு பக்க மூக்கு மாதக்கணக்கில் அடைத்திருந்தால் அலர்ஜி மாத்திரை. அதே மூக்கிலிருந்து ரத்தம் கொட்டினால், உடம்புச் சூடு என்று இளநீர். சிக்கலே இவை இரண்டும் சேர்ந்து வருவதில்தான்.

மூக்கின் பின்கோடியில் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற கட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம். ரத்தக் குழாய்களும் நார்த்திசுவும் பின்னிப் பிணைந்த கட்டி இது. அபூர்வமானது, தலை, கழுத்துக் கட்டிகளில் 0.5 சதவீதம்கூட இராது. தாக்குவது கிட்டத்தட்ட ஆண் பிள்ளைகளை மட்டுமே, அதுவும் பருவ வயதில். ஆண் ஹார்மோன்மீது சந்தேகம் விழுந்தது அதனால்தான். புற்றுநோய் அல்ல, உடலின் வேறு பாகங்களுக்குப் பரவாது. ஆனால் 'சாது' என்று நம்பிவிட முடியாது. கன்னம், கண்குழி, சில சமயம் மண்டையோட்டின் உட்புறம்வரை எலும்பை அரித்துக்கொண்டு நகரும்.

மருத்துவர்கள் அஞ்சுவது அதன் ரத்தக் குழாய்களைப் பார்த்துத்தான். சாதாரணக் குழாய் அறுபட்டால் சுவரிலுள்ள தசை சுருங்கி ரத்தத்தைக் கட்டுப்படுத்தும். இந்தக் கட்டியின் குழாய்களில் பலவற்றுக்கு அந்தத் தசையே கிடையாது. திறந்த குழாய்போலக் கொட்டும். எந்தக் கட்டியானாலும் சதையைக் கிள்ளிப் பரிசோதிக்கும் பயாப்ஸி இங்கே கூடாது என்பது அதனால்தான். மூக்கில் சதை தெரிகிறதே, சாதாரண பாலிப்தான் என்று அவசரப்பட்டுக் கை வைத்தால் உயிருக்கே உலை.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? எண்டோஸ்கோப்பில் எட்டிப் பார்த்து, மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எடுத்தாலே பெரும்பாலும் போதும். கட்டி தள்ளியதால் கன்ன எலும்பின் பின்சுவர் முன்புறம் வளைந்திருப்பது முக்கியத் தடயம்.

அறுவைக்கு ஓரிரு நாள் முன்பு தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைக் கழுத்து ரத்தக் குழாய்வரை செலுத்தி, கட்டிக்குத் தீனி போடும் கிளைகளை நுண்துகள்களால் அடைக்கிறார்கள். தேர்ந்த கை வேண்டும்: துகள் தவறான கிளைக்குள் போனால் பார்வை போகலாம், பக்கவாதமும் வரலாம். ஒரு காலத்தில் முகத்தையோ அண்ணத்தையோ கீறித்தான் எடுத்தார்கள். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. 1990களில் பரவத் தொடங்கிய எண்டோஸ்கோப் அறுவையில் முகத்தில் தழும்பே இல்லை. மூளையை ஒட்டிய, கத்தி எட்டாத மிச்சத்துக்கு மட்டும் கதிர்வீச்சு. வளரும் பையன் என்பதால் அதற்கும் யோசிக்கிறார்கள்.

கர்ப்பிணிகள் சிலருக்கும் மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கசியும் சிறு கட்டி வருவதுண்டு. அது இத்தனை முரடு அல்ல. பிரசவத்துக்குப் பின் பல சமயம் தானே சுருங்கிவிடும்.

ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பெரிய வைத்தியம் என்றால் பலர் பஸ் ஏறுவது பெங்களூருக்குத்தான். 1900இல் திறந்த விக்டோரியா மருத்துவமனை முதல் நிமான்ஸ் வரை இங்கே உண்டு. ஆனால் ரத்தக் குழாயை அடைக்கும் வசதி எல்லா இடத்திலும் கிடையாது. சேரும் முன்பே அதைக் கேட்டுவிடுவது நல்லது. எலும்பு இடுக்கில் துளி மிஞ்சினாலும் கட்டி திரும்ப வளரும். தையல் ஆறியதும் ஊர் திரும்பிவிடும் பையன், சில ஆண்டுகளுக்கு ஸ்கேனுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும்.