கரீபியன் தீவுப் பயணத்துக்குக் காப்பீடு: எப்போது வாங்குவது, எதைப் பார்ப்பது?

கரீபியன் தீவுகளுக்குச் செல்பவர் எடுக்கும் பயணக் காப்பீடு மூன்று ஆபத்துகளைக் கணக்கில் கொள்ள வேண்டும்: சூறாவளி, எட்டாத் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனை, கடலில் நேரும் விபத்து. பெட்டி தொலைவதும் விமானம் தாமதமாவதும் எந்த நாட்டுப் பயணத்திலும் உண்டு. அவற்றால் ஏற்படும் இழப்பைப் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்ள முடியும். கரீபியனில் பெரும் பணம் கரைவது மேற்சொன்ன மூன்றால்தான். ஆகவே பிரீமியம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், எந்தத் தீவு, எந்த மாதம், அங்கே என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

சூறாவளியும் வாங்கும் தேதியும்

அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை அது உச்சத்தில் இருக்கும். விடுதிக் கட்டணம் மலிவாகக் கிடைப்பதும் அந்த மாதங்களில்தான். 2017 செப்டம்பரில் இரண்டே வாரத்துக்குள் இர்மா பார்புடாவையும், மரியா டொமினிகாவையும் சிதைத்துப் போட்டன. 2019-இல் டோரியன் பஹாமாஸின் அபாகோ தீவுகளை அழித்தது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா, சூறாவளிகளில் மிகக் கடுமையான ஐந்தாம் வகை வலிமையுடன் ஜமைக்காவின் தென்மேற்குக் கரையைத் தாக்கியது.

காற்றின் வேகம் மணிக்கு 63 கிலோமீட்டரைத் தொட்டதும் மயாமியில் உள்ள அமெரிக்கத் தேசிய சூறாவளி மையம் அந்தப் புயலுக்குப் பெயர் சூட்டுகிறது. 119 கிலோமீட்டரைத் தொட்டால் அது சூறாவளி. காப்பீட்டைப் பொறுத்தவரை முக்கியமானது முதல் கட்டம். பெயர் சூட்டப்பட்ட புயல் ‘முன்கூட்டியே தெரிந்த ஆபத்து’ ஆகிவிடுகிறது. அதன்பின் வாங்கிய பாலிசி, அந்தப் புயலால் வரும் இழப்புக்குப் பொதுவாகப் பணம் தராது.

இதற்குத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2024 ஜூன் 29 அன்று பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில் டி20 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி, பெரில் சூறாவளியால் விமான நிலையம் மூடப்பட்டதால் அங்கேயே முடங்கியது. ஜூலை 4 அன்றுதான் தனி விமானத்தில் டெல்லி வந்து சேர்ந்தது. அந்தப் புயலுக்குப் பெரில் என்று பெயர் வைக்கப்பட்டது இறுதிப்போட்டிக்கு முந்தைய நாள். ஆட்டம் முடிந்தபின் வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு ரசிகர் பாலிசி வாங்கியிருந்தால், கூடுதல் நாட்களுக்கான விடுதிச் செலவு அவர் தலையில்தான் விழுந்திருக்கும். பயணச்சீட்டு பதிவு செய்த வாரத்திலேயே வாங்கியிருந்தால் அதே பாலிசி கைகொடுத்திருக்கும்.

பாலிசி இருந்தாலும் புயல் பயம் மட்டும் காரணமாகப் பயணத்தை ரத்து செய்தால் பணம் வராது. விமான நிறுவனம் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் சேவையை நிறுத்தியிருக்க வேண்டும். அல்லது தங்கும் இடம் வசிக்கத் தகுதியற்றதாகியிருக்க வேண்டும். அல்லது அரசு வெளியேற்ற உத்தரவு பிறப்பித்திருக்க வேண்டும். பெரும்பாலான பாலிசிகளின் நிபந்தனைகள் இவையே. எத்தனை மணி நேரம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒப்பிடும்போது முதலில் தேட வேண்டிய எண் அது. விடுதி திறந்திருக்கும்போது விடாத மழையோ, 2011 முதல் பெரும்பாலான கோடைகளில் பல கடற்கரைகளில் குவியும் சர்காசம் பாசியோ விடுமுறையைக் கெடுத்தால் அதற்கு ஈடு கிடைக்காது.

காரணம் எதுவானாலும் ரத்து செய்துகொள்ளும் உரிமை வேண்டுமென்றால் அதற்குத் தனி வகைக் காப்பீடு உண்டு. அமெரிக்காவில் இது பரவலாக விற்கப்படுகிறது. முதல் முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் வாங்க வேண்டும். புறப்பாட்டுக்குப் பெரும்பாலும் 48 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும். செலவில் பாதி முதல் முக்கால் பங்கு வரைதான் திரும்ப வரும். பிரீமியமும் கணிசமாகக் கூடும். செப்டம்பரில் செல்பவருக்கு இது பொருந்தும். பிப்ரவரியில் செல்பவருக்குத் தேவைப்படுவது அரிது.

தீவுக்குத் தீவு ஆபத்தும் மாறும். வெனிசுவேலா கரையை ஒட்டிய அருபா, பொனேர், குரசாவ் ஆகிய மூன்றும் சூறாவளிகளின் வழக்கமான பாதைக்குத் தெற்கே உள்ளன. டிரினிடாடும் அப்படியே. எனினும் மயாமி வழியாக விமானம் மாறிச் செல்பவர், புளோரிடாவைத் தாக்கும் புயலிலும் சிக்கிக்கொள்ளலாம். சேரும் தீவின் வானிலையோடு விமானம் மாறும் ஊரின் வானிலையையும் பார்க்க வேண்டும்.

மருத்துவச் செலவும் ஏர் ஆம்புலன்ஸும்

சிறு தீவுகளில் முதலுதவியும் சாதாரண சிகிச்சையும் கிடைக்கும். மாரடைப்பு, தலைக்காயம், பெரிய எலும்பு முறிவு என்றால் நோயாளியை வேறு தீவுக்கோ மயாமிக்கோ கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். சில தீவுகள் விதிவிலக்கு. பெங்களூரின் நாராயணா ஹெல்த் குழுமம் 2014-இல் கிராண்ட் கேமனில் தொடங்கிய மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சையே நடக்கிறது. ஆனால் கரியாகூ, சேபா போன்ற சிறு தீவுகளில் நோய்ப்படுபவருக்கு விமானம்தான் வழி. ஏர் ஆம்புலன்ஸ் கட்டணம் பல்லாயிரம் டாலர். பணத்துக்கு உத்தரவாதம் இல்லாமல் அது கிளம்புவதும் கடினம்.

ஆகவே பாலிசியில் மருத்துவச் செலவு வரம்பு, நோயாளியை வேறிடம் கொண்டுசெல்லும் மருத்துவ வெளியேற்ற வரம்பு ஆகிய இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சில பாலிசிகளில் இரண்டும் ஒரே தொகைக்குள் அடங்கும். ஏர் ஆம்புலன்ஸ் போக சிகிச்சைக்கு எதுவும் மிஞ்சாது. நோயாளியை எங்கே கொண்டுசெல்வது என்று முடிவெடுப்பது யார் என்பதும் எழுதப்பட்டிருக்கும். அருகிலுள்ள தகுந்த மருத்துவமனைக்கு மட்டுமா, சொந்த நாட்டுக்கே கொண்டுவருமா என்ற வேறுபாடு பெரிது.

உள்நாட்டுக் காப்பீடு இங்கே துணை வராது. அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் திட்டம் புவேர்ட்டோ ரிக்கோவிலும் அமெரிக்க விர்ஜின் தீவுகளிலும் செல்லும். மற்ற தீவுகளில் சில விதிவிலக்குகள் தவிர செல்லாது. கனடாவின் மாகாணக் காப்பீடுகள் வெளிநாட்டுச் செலவில் சிறு பகுதியையே தரும். இந்தியாவில் எடுக்கும் சாதாரண மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் நாட்டெல்லையோடு நின்றுவிடுகிறது.

இந்தியாவிலிருந்து செல்வோர் பயணக் காப்பீட்டைப் புறப்படும் முன்பே எடுக்க வேண்டும். காப்பீட்டுத் தொகை வழக்கமாக 50,000 டாலர், 1 லட்சம் டாலர் என்று அமெரிக்க நாணயத்தில் குறிக்கப்படுகிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய் இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. பல பாலிசிகள் ஏற்கெனவே உள்ள நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள்தான் பணம் தருகின்றன. 60 வயதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு உள்வரம்பு விதிக்கும் பாலிசிகளும் உண்டு. மொத்தத் தொகையைவிட இந்த உள்வரம்புகளே உண்மையில் கைக்கு வரும் பணத்தைத் தீர்மானிக்கின்றன.

எந்த நாடுகளில் செல்லும்?

பயணக் காப்பீடு நாடுகளைத் தொகுத்து விற்கப்படுகிறது. மலிவான பாலிசியில் ஏமாறும் இடம் இது. இந்தியாவில் ‘அமெரிக்கா, கனடா நீங்கலாக உலகம் முழுவதும்’ என்ற வகை விலை குறைவு. ஆனால் புவேர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்க விர்ஜின் தீவுகளும் அமெரிக்க ஆட்சிப்பகுதிகள். மயாமியில் ஓர் இரவு தங்கினாலும் அது அமெரிக்காதான். பிரிட்டனில் பல நிறுவனங்கள் அமெரிக்கா, கனடாவோடு கரீபியனையும் சேர்த்தே இந்த மலிவான வகையிலிருந்து விலக்கிவைக்கின்றன. செல்லும் தீவின் பெயரும் விமானம் மாறும் நாட்டின் பெயரும் பாலிசிக்குள் அடங்குகின்றனவா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது.

கியூபா 2010 மே 1 முதல் எல்லாப் பயணிகளுக்கும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. ஹைட்டிக்குச் செல்ல வேண்டாம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் எச்சரித்துள்ளன. சொந்த நாட்டு அரசின் எச்சரிக்கையை மீறிச் செல்பவருக்குப் பல பாலிசிகள் செல்லாமல் போகும்.

கடல், கார், கப்பல்

ஸ்கூபா டைவிங், ஜெட் ஸ்கீ, பாராசெய்லிங், ஜிப்லைன் ஆகியவை பல பாலிசிகளில் சாகச விளையாட்டுகள் என்ற பெயரில் விலக்கப்பட்டிருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டினால் சேர்க்கலாம். டைவிங்குக்கு ஆழ வரம்பும் உண்டு. மூழ்குபவரின் சான்றிதழ் அனுமதிக்கும் ஆழத்தைத் தாண்டினால் கிளெய்ம் நிராகரிக்கப்படும். மூழ்குபவருக்கு வரும் அழுத்தக் குறைவு நோய்க்கு உயரழுத்த அறையில் சிகிச்சை தேவை. அந்த வசதி எல்லாத் தீவிலும் இல்லை. பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்பு நெறி.

உணவும் மதுவும் கட்டணத்திலேயே அடங்கிய விடுதிகள் கரீபியனில் ஏராளம். குடிபோதையில் நேரும் விபத்தை அநேகமாக எல்லாப் பாலிசிகளும் விலக்குகின்றன. வாடகை ஸ்கூட்டர் ஓட்டுபவருக்குச் செல்லுபடியாகும் உரிமமும் தலைக்கவசமும் நிபந்தனை. வாடகைக் காருக்கு ஏற்படும் சேதம் பயணக் காப்பீட்டில் தானாகச் சேராது. கார் நிறுவனத்திடமோ தனியாகவோ எடுக்க வேண்டும்.

கப்பல் சுற்றுலாவுக்கு வேறு சிக்கல்கள். புயல் காரணமாகக் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கவும் பாதையை மாற்றவும் ஒப்பந்தம் இடமளிக்கிறது. பயணிக்குப் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. கப்பல் மருத்துவரின் கட்டணம் அறைக் கணக்கில் ஏறும். விமானம் தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டால், அடுத்த துறைமுகம் வரை செல்லும் செலவைத் தரும் பிரிவு பாலிசியில் இருக்க வேண்டும்.

தொகையும் கிளெய்மும்

ரத்து செய்வதற்கான காப்பீட்டை, திரும்பக் கிடைக்காத முன்பணத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். பணம் திரும்பத் தரும் விடுதிப் பதிவையும் அதில் சேர்த்தால் பிரீமியம்தான் வீணாகும். டிடக்டிபிள் எனப்படும், பயணி கைப்பணத்திலிருந்து முதலில் கட்ட வேண்டிய தொகையையும் ஒப்பிட வேண்டும். கடன் அட்டையோடு இலவசமாக வரும் காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை நம்பலாம்.

நோய்ப்பட்டதும் முதலில் அழைக்க வேண்டியது பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணை. அனுமதி பெறாமல் ஏற்பாடு செய்த ஏர் ஆம்புலன்ஸுக்குப் பணம் கிடைப்பது கடினம். திருட்டுக்கு உள்ளூர்க் காவல்துறையின் புகார் நகல், விமானத் தாமதத்துக்கு நிறுவனத்தின் கடிதம், சிகிச்சைக்கு மருத்துவ அறிக்கையும் அசல் ரசீதுகளும் தேவை. இவற்றைத் தீவை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். ஊர் திரும்பிய பின் கேட்டுப் பெறுவது எளிதல்ல. நிறுவனம் கிளெய்மை நியாயமின்றி மறுத்தால், இந்தியாவில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கையில் பணம் குறைவாக இருந்தால் பெட்டிக்கும் விமானத் தாமதத்துக்குமான காப்பீட்டைக் குறைத்துக்கொள்ளலாம். மருத்துவச் செலவையும் வெளியேற்றத்தையும் குறைக்கக் கூடாது. சூறாவளிக் காலத்தில் செல்பவர் பயணச்சீட்டு வாங்கிய அன்றே பாலிசியையும் வாங்கிவிட வேண்டும்.