நீர் பிரிக்கும் மாத்திரையும் காலை எடையும்

இதயம் தளர்ந்தோருக்கும் சிறுநீரகம், கல்லீரல் நோயுற்றோருக்கும் உடலில் உப்பும் நீரும் தேங்கும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். அந்நிலையில் பெரிதும் பயன்படும் மருந்து, லாசிக்ஸ் எனப் பலரும் அறிந்த ஃபியூரோசிமைடு. சிறுநீரகத்தின் ஹென்லே வளைவில் உப்பு மீண்டும் இரத்தத்தில் சேர்வதை இது தடுக்கிறது. வெளியேறும் உப்போடு நீரும் வெளியேறுகிறது.

மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் செயற்படத் தொடங்கும். அதன் விளைவு ஏறத்தாழ 6 மணி நேரம் நீடிக்கும். ஆகவே காலையில் உட்கொள்வது நன்று. இரண்டாம் வேளை இருப்பின் பிற்பகலிலேயே முடித்துக்கொண்டால் இரவு உறக்கம் கெடாது.

வீக்கம் வடிந்தது மருந்தின் பயனே. நோய் நீங்கியதன் அடையாளம் அன்று. மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் நீர் மீண்டும் தேங்கும். மிகுதியாக உட்கொண்டாலோ உடல் வறண்டு சிறுநீரகம் பாதிப்புறும். இவ்விரண்டையும் முன்கூட்டியே காட்டவல்லது எடைக்கருவி. நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், எடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். 3 நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினாலும், எடை விரைந்து குறைந்து, எழுந்து நிற்கையில் தலை சுற்றினாலும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

சிறுநீரோடு பொட்டாசியமும் வெளியேறுவதால் தசைப்பிடிப்பு, சோர்வு, படபடப்பு தோன்றலாம். மருத்துவரைக் கேளாமல் இளநீர் பருகி ஈடுசெய்ய முயல வேண்டாம். சிறுநீரகம் பழுதுற்றோருக்கு அது தீங்காகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இம்மருந்தின் பயனைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் வருத்தும். அவற்றை நீங்களாக வாங்கி உண்ண வேண்டாம்.

மருத்துவரைக் காண வரும்போதெல்லாம் எடைக் குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்க இரத்தப் பரிசோதனையோடு அதுவும் துணைநிற்கும்.