"பொடிதானே டாக்டர், அது மருந்தா?"

நெய்வேலியில் என் வைத்தியசாலைக்கு ஒரு சுரங்க ஊழியர் மனைவியோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். நைட் ஷிஃப்டில் திடீரென்று குப்பென வியர்த்து, கை நடுங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததாம். கூட இருந்தவர் டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்த பிறகுதான் நிதானத்துக்கு வந்திருக்கிறார்.

சர்க்கரை நோய்க்கு இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு மாதம் முன்பு மூட்டு வலிக்காக என்னிடம் வந்தபோதே கேட்டிருந்தேன்: "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" இல்லை என்றார். கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த அம்மா சொல்கிறார்: "சிறுகுறிஞ்சான் பொடி தினம் ரெண்டு வேளை போட்டுக்கிறாரே டாக்டர்!"

"இதை ஏன் சார் அன்னைக்கே சொல்லலை?"

"பொடிதானே டாக்டர், அது மருந்தா?"

சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைக்கும், மாத்திரையும் குறைக்கும். இரண்டும் கணக்கில்லாமல் சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். நல்லவேளை, டீ கிடைத்தது! அவர் பொய் சொல்லவில்லை. என் கேள்விதான் தப்பு.

கேஸ் ஷீட்டில் அந்தக் கேள்வியை மாற்றினேன். "கடந்த ஒரு மாதத்தில் மூலிகைப் பொருள் ஏதேனும் உட்கொண்டீர்களா?" என்று அழகாக எழுதி, வந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் "இல்லை" என்றார்கள். சந்தேகம் வந்து ஒரு பெரியவரிடம், "மூலிகைன்னா உங்களுக்கு என்ன ஐயா தோணுது?" என்று கேட்டேன். "கொல்லிமலையில கிடைக்குமே, அதுங்கதானே?" என்றார். அவர் தினமும் வெந்தயம் ஊற வைத்துச் சாப்பிடுகிறவர்!

மறுபடி மாற்றினேன். "காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் என்ன சாப்பிடுவீர்கள்?" இது பலித்தது. வெந்தயம், பாகற்காய்ச் சாறு, கஷாயம் எல்லாம் வெளியே வந்தன. ஆனால் ஒரு ஷிஃப்ட்காரர் என்னையே திருப்பிக் கேட்டார்: "எந்தக் காலை டாக்டர்? நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கி எழுந்திருக்கும்போது மத்தியானம் ரெண்டு மணி ஆகுது!" நெய்வேலியில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு உறைக்காத விஷயம். இப்போது என் ஷீட்டில் "தூங்கி எழுந்ததும்" என்றுதான் இருக்கிறது. எண்வகைத் தேர்வில் நாடி பார்க்கக் கல்லூரியில் கற்றுக் கொடுத்தார்கள். கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தவர்கள் நோயாளிகள்தான்.

ஒரு சின்ன வைத்தியசாலையிலேயே இந்தப் பாடு என்றால், நாடு முழுக்கக் கேள்வி கேட்கும் அரசாங்கத்தின் பாட்டை நினைத்துப் பாருங்கள்!

1950-ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வில், "கடந்த 30 நாளில் வீட்டில் என்னென்ன, எவ்வளவு செலவானது?" என்று கேட்பது நெடுநாள் வழக்கம். முப்பது நாள் கணக்கு யாருக்கு நினைவிருக்கும் என்ற கேள்வி எழுந்தது. 1994-லிருந்து 1998 வரை ஒரு சோதனை செய்தார்கள். சில வீடுகளில் பழைய படிவம். மற்ற வீடுகளில் சாப்பாட்டுச் செலவுக்கு 7 நாள், துணிமணி போன்றவற்றுக்கு 365 நாள் என்று கேட்கும் புதுப் படிவம். யார் வீட்டுக்கு எது என்பது குலுக்கல் மாதிரி.

புதுப் படிவத்தில் சாப்பாட்டுச் செலவு சுமார் 30 சதவீதம் கூடுதலாக வந்தது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் நாட்டில் ஏழைகளின் தொகை ஏறக்குறைய பாதியாகிவிடும்! ஒருவர் தட்டிலும் ஒரு கவளம் கூடவில்லை, கேள்வி மட்டும்தான் மாறியது.

1999-2000-ல் இன்னொரு சங்கடம். 7 நாள், 30 நாள் இரண்டையும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். ஒரு பதிலைச் சொன்ன வாய், அடுத்ததை அதற்கு ஒத்துப் போகிற மாதிரிதானே சொல்லும்? அந்த ஆண்டின் வறுமைக் கணக்கைப் பழையதோடு ஒப்பிடலாமா என்று நிபுணர்கள் பல வருடம் வாதாடினார்கள். பிறகு சில வீடுகளுக்குத் தினமும் போய் அளந்தும் பார்த்தார்கள். சில முக்கிய உணவுப் பொருள்களுக்குப் பழைய 30 நாள்தான் உண்மைக்குக் கிட்டே இருந்தது! யோசித்தால் புரியும். அரிசி, பருப்பு மாதச் சாமான். காய்கறி, மீன் அன்றாடம் வாங்குவது. பின்னர் வந்த படிவங்களில் அரிசி பருப்புக்கு 30 நாள், காய்கறி, மீன், முட்டைக்கு 7 நாள் என்று பிரித்துவிட்டார்கள்.

எங்கள் துறைக்கும் இதே கதைதான். 2014-ல் கடந்த 15 நாளில் வந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று கேட்டபோது, சுமார் 90 சதவீதம் ஆங்கில மருத்துவம்; சித்தா, ஆயுர்வேதம் உள்ளிட்டவற்றுக்கு 5 முதல் 7 சதவீதம்தான். 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை ஆயுஷ் மருத்துவத்துக்கென்றே ஓர் ஆய்வு நடந்தது. கடந்த 365 நாளில், நோய் வராமல் தடுக்கவோ சிகிச்சைக்கோ பயன்படுத்தியதுண்டா என்று கேட்டார்கள். கிராமத்தில் சுமார் 46 சதவீதம் பேர், நகரத்தில் 53 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இரண்டாவது எண்ணை மட்டும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்க எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு "சித்தா வளர்ந்துவிட்டது" என்று நான் சொல்ல மாட்டேன்.

2027 மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குக்கூட, 2025 நவம்பரில் சில பகுதிகளில் முன்சோதனை நடத்தினார்கள். இப்படி யாராவது படிவத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தால், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள். கேள்வி புரியவில்லையா, "புரியலைங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். முன்சோதனையில் அவர்களுக்கு வேண்டியதே அதுதான். அவர் முகம் பார்த்து ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போதும் அப்படித்தான். சித்த வைத்தியரோ, இங்கிலீஷ் டாக்டரோ, அவர் கேட்காவிட்டாலும் பொடி, லேகியம், கஷாயம், சத்து மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

அந்தச் சுரங்க ஊழியர் இப்போது அப்படித்தான் வருகிறார். பொடியை நிறுத்தச் சொல்லி, அவருக்கு மாத்திரை கொடுக்கும் டாக்டருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். போன முறை பையைக் கவிழ்த்தபோது இருமல் மிட்டாய்கூட விழுந்தது.