எழுபத்தொன்பதுக்கு எத்தனை பெயர்?

கொல்கத்தாவின் துறைமுகப் பகுதியான கிடர்பூரில் ஒரு குழந்தை எல்.கே.ஜி.யில் கால் வைப்பதற்குள் எண்களை நான்கு விதமாகக் கேட்டுவிடுகிறது. பாட்டி உருதுவில் எண்ணுகிறார். பக்கத்து வீட்டு மாஷி வங்காளத்தில். ரிக்‌ஷாக்காரர் போஜ்புரியில். பள்ளிக்கூடத்து மிஸ் ‘ஒன், டூ’ என்று ஆரம்பிக்கிறார். மாலையில் அப்பா கேட்கும் கேள்வி மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “எதுவரைக்கும் எண்ணத் தெரியும்? நூறு வருமா?”

நூறு வந்துவிட்டால் வீட்டில் பெருமை தாங்காது. ஆனால் மத்திய அரசு 2021-ல் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ திட்டம், முதல் வகுப்புக்கு முந்தைய ‘பால்வாடிகா’ குழந்தைக்கு வைத்திருக்கும் இலக்கு நூறு அல்ல. 10 வரையிலான எண்களை அடையாளம் கண்டு படிக்க வேண்டும், பொருள்களையும் வடிவங்களையும் வரிசைப்படுத்தத் தெரிய வேண்டும். மொழிப் பாடத்தில், எழுத்தையும் அதன் ஒலியையும் தெரிந்துகொண்டு, இரண்டு மூன்று எழுத்துகள் கொண்ட எளிய சொற்களைப் படித்தால் போதும். ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் பெற்றோரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பத்து வரைக்கும்தானா என்பார்கள்.

பத்து அவ்வளவு எளிதல்ல. மூன்று வயதுக் குழந்தையின் முன்னால் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொல்லுங்கள். தொட்டுத் தொட்டு ஐந்து வரை சரியாகச் சொல்லும். “மொத்தம் எத்தனை?” என்றால், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். “மூன்று கொடு” என்றால் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். அதற்கு ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்பது ஒரு பாட்டு. கடைசியாகச் சொன்ன சொல்தான் குவியலின் அளவு என்ற விஷயம் இன்னும் பிடிபடவில்லை. ஒன்றுக்கு அடுத்து இரண்டு, பிறகு மூன்று என்று படிப்படியாக, மாதக்கணக்கில்தான் குழந்தைகள் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990-களின் தொடக்கத்தில் காட்டினார். பாட்டாகச் சொல்லும் நூறு இதை மறைத்துவிடுகிறது என்பதுதான் சங்கடம்.

பத்தைத் தாண்டினால் மொழி குறுக்கே வருகிறது. தமிழ்க் குழந்தைக்கு இருபது தெரிந்தால் இருபத்தொன்று, இருபத்திரண்டு தானாக வரும். வங்காளத்தில் 20 ‘பீஷ்’, 21 ‘ஏக்குஷ்’, 22 ‘பாயிஷ்’. நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்தாக வேண்டும். 79 என்பது ‘உனோஆஷி’. அதாவது எண்பதுக்கு ஒன்று குறைவு. உருதுவிலும் இந்தியிலும் இதே கதைதான். ஆனால் 89-ல் மொழிகள் பிரிந்துவிடும். வங்காளத்தில் அதுவும் தொண்ணூறுக்கு ஒன்று குறைவு. இந்தியில் ‘நவாசி’, எண்பதும் ஒன்பதும். வங்காளத்திலிருந்து மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நானே, கடைக்காரர் ‘உனோஆஷி’ என்றால் மனசுக்குள் ஒரு கழித்தல் போட்ட பிறகுதான் பர்சைத் திறக்கிறேன். நாலு வயதுக் குழந்தையை என்னென்பது!

நாம் ரொம்பவும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். எண்பதுக்கு அப்புறம் ‘ஒன்பதுபது’ என்று சொல்லும் தமிழ்க் குழந்தையின் தர்க்கம் சரி, மொழிதான் தவறு. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறாவது எப்படி என்று விளக்கத் தொல்காப்பியமே தனியாக விதி சொல்ல வேண்டியிருந்தது.

எண்ணுப் பெயர்கள் கணக்கைப் பாதிக்குமா? 1995-ல் கெவின் மில்லரும் அவருடைய சகாக்களும் சீன, அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். பத்து வரை இரு தரப்பும் சமம். பதினொன்றிலிருந்து சீனக் குழந்தைகள் முந்தினார்கள். சீனத்தில் 11 என்பது ‘பத்து ஒன்று’, ஆங்கிலத்தில் ‘லெவன்’. பெயருக்குள் பத்து தெரியாதபோது, பத்துகளாகக் கட்டுவதுதான் கணக்கு என்பதும் தெரியாமல் போகிறது.

கிடர்பூரில் இந்தச் சிக்கல் வரலாற்றோடு வந்தது. லக்னோவை இழந்த நவாப் வாஜித் அலி ஷா 1856-ல் கொல்கத்தா வந்து, பக்கத்து மட்டியாபுருஜில் குடியேறியபோது உருதுவும் உடன் வந்தது. 1892-ல் கிடர்பூர் துறைமுகம் திறக்கப்பட்டது. கூலிவேலைக்கு பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரக் குழந்தையின் சிலேட்டைப் பாருங்கள். உருது எழுத்து வலமிருந்து இடம் போகும். ஆனால் அதே உருதுவில் எண்ணை இடமிருந்து வலம் எழுத வேண்டும். வங்காள எழுத்தில் 4 என்ற இலக்கம் பார்வைக்கு அசல் ஆங்கில 8. வங்காள 7, ஏறக்குறைய 9. வீட்டுக் கதவில் இருக்கும் 4-ஐப் பார்த்து ‘எய்ட்’ என்று சொல்லும் குழந்தையை மக்கு என்று எப்படிச் சொல்வது?

எழுத்திலும் கண்ணாமூச்சி உண்டு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. வங்காளத்திலும் அப்படியே. வித்யாசாகர் 1855-ல் ‘வர்ணபரிச்சய்’ எழுதி வங்காளக் குழந்தைகளுக்கு எழுத்துகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். 1930-ல் தாகூரின் ‘சஹஜ் பாட்’ நந்தலால் போஸின் படங்களோடு வந்தது. இரண்டும் அருமையான புத்தகங்கள். ஆனால் வீட்டில் வங்காளம் பேசும் குழந்தையை மனத்தில் வைத்து எழுதியவை.

அப்படியானால் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? டெல்லியில் ‘பிரதம்’ அமைப்பின் 214 மழலையர் பள்ளிகளில் 1,540 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி, ஹரிணி கண்ணன் ஆகியோர் அடங்கிய குழு 2017-ல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டது. நான்கு மாதக் கணக்கு விளையாட்டால் எது அதிகம், எது குறைவு என்று உணரும் திறன் நன்றாக வளர்ந்தது, நிலைத்தும் நின்றது. ஆனால் பிறகு பள்ளிக் கணக்கைக் கற்பதில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களை முந்தவில்லை. விளையாட்டுக்கும் சிலேட்டுக்கும் நடுவே பாலம் தானாக முளைப்பதில்லை.

அந்தப் பாலம் கடைசி வரை போடப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கொல்கத்தாவிலேயே சான்று இருக்கிறது. இந்த ஊரில் வளர்ந்த அபிஜித் பானர்ஜியும் டஃப்லோவும் மற்றவர்களும், கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து 2025-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் ஒரு கிலோ 400 கிராம் என்பது போன்ற கணக்குகளை அவர்களில் பெரும்பாலோர் மனசிலேயே போட்டு, மீதிச் சில்லறையும் சரியாகக் கொடுத்தார்கள். அதைவிட எளிய கணக்கைப் பாடப்புத்தக பாணியில் கேட்டால் தடுமாறினார்கள். சந்தை அனுபவம் இல்லாத 471 பள்ளிக் குழந்தைகளிடம் நிலைமை தலைகீழ். எளிய ஏட்டுக் கணக்கில் அவர்கள் முன்னே. ஆனால் வேலை செய்யும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகப் போட்ட சந்தைக் கணக்கு ஒன்றை, இவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் போட்டார். குழந்தைகளைக் கடையில் நிறுத்த இது சிபாரிசு அல்ல. ஒரு குழந்தைக்குத் தெரிந்த கணக்கு அதன் பள்ளிக்குத் தெரியவில்லை என்பதுதான் செய்தி.

மேற்கு வங்க அரசு 2013-ல் தொடக்கப் பள்ளிகளில் முன்தொடக்க வகுப்பைச் சேர்த்தது. அதற்கான புத்தகத்தின் பெயர் ‘குட்டும் காட்டாம்’. ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் காய்ந்த கிளைகளையும் வேர்களையும் பொறுக்கி, பறவையாகவும் மிருகமாகவும் ஆக்கிய பொம்மைகளுக்கு வைத்த பெயர் அது. பெயர் வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கையில் எடுத்ததிலிருந்துதான் உருவம் வர வேண்டும். கிடர்பூர்க் குழந்தையின் கையில் ஏற்கெனவே இருப்பது பாட்டியின் ‘ஏக், தோ, தீன்’. பிஸ்கட்டைப் பங்கு போடும்போது அந்தச் சொற்கள் தாராளமாகப் போதும். எல்.கே.ஜி. வகுப்பில் அவற்றைச் சொன்னால் மிஸ் திருத்துகிறார்: “நோ, ஒன், டூ, த்ரீ.”