கணிப்பொறி அடிக்கடி நின்றுபோகிறதா?

தில்லியில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். பத்திரம், ஜாதகம், கல்யாணப் புகைப்படம், பெரியவர்கள் எழுதிய கடிதம் எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தப் பெட்டியின் வேலையில் பாதியை இப்போது வீட்டுக் கணிப்பொறி எடுத்துக்கொண்டுவிட்டது. ஊர் வீட்டின் வரி ரசீது, பென்ஷன் கணக்கு, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், பேத்தியின் அரங்கேற்றப் படங்கள் எல்லாம் அதில்தான். ஆகவே அது திடீரென்று நின்று, புரியாத ஆங்கிலத்தில் எதையோ அறிவித்துவிட்டு, மறுநாளும் அதையே செய்தால் நமக்கு வயிற்றைக் கலக்குவது இயல்பே.

அப்போது நமக்குக் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "பார்மட் பண்ணிடலாம்." மற்றது, "புதுசு வாங்கிடுங்க." இரண்டிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. என்ன கோளாறு என்று யாரும் கேட்கவே இல்லை!

மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணிப்பொறிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சங்கத்து அன்பர்கள் வீடுகளில் இத்தகைய கோளாறுகளைப் பார்த்துக் கொடுப்பது இப்போது என் ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது. அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஒரே ஒரு முறை வந்து மறையும் கோளாறுதான் பிடிபடாதது. திரும்பத் திரும்ப வரும் கோளாறு, தான் எப்போது வருகிறது, எதனால் வருகிறது என்பதைத் தானே காட்டிக்கொடுக்கும். நாம் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

முதல் கருவி நோட்டுப் புத்தகம்

1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' என்னும் கணிப்பொறி கோளாறு செய்தது. அந்நாளைய கணிப்பொறி ஒரு பெரிய அறையையே அடைத்து நிற்கும். தேடிப் பார்த்ததில், உள்ளே ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதை எடுத்து, அன்றைய பதிவேட்டில் பிற்பகல் 3.45 என்று நேரம் குறித்து, ஒட்டி வைத்தார்கள். கோளாறைப் 'பூச்சி' என்னும் பொருளில் 'பக்' என்று குறிக்கும் வழக்கம் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்தது. உண்மையான பூச்சியே அகப்பட்டதால் இந்தச் சம்பவம் புகழ் பெற்றது. அந்தப் பதிவேடு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லோரும் பூச்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பதிவேடுதான் முக்கியமாகப் படுகிறது. கணிப்பொறி மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு முறை நின்றபோதும் நான்கு விஷயங்களை எழுதுங்கள். தேதியும் நேரமும். திரையில் வந்த வாசகம், எழுத்து மாறாமல். அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அண்மையில் புதிதாக எதைச் சேர்த்தீர்கள், அல்லது மாற்றினீர்கள். எழுத நேரமில்லை என்றால் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ஆங்கிலத்தில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். சிவப்புக் குறி உள்ள நாளைச் சொடுக்கினால் அன்று எது நின்றது என்று தெரியும். இன்னொரு பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற வரியைப் பார்த்துவிட்டு, அதுதான் நோய் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். முறையாக மூடப்படாமல் நின்றுபோனது என்பது மட்டுமே அதன் பொருள். ஏன் நின்றது என்பதை அது சொல்லாது.

ஒரு பெரியவரின் வீட்டில்

மேற்கு தில்லியில் தனியாக வசிக்கும் ஒரு பெரியவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் என்னை அழைத்தார். வயது எண்பதை நெருங்குகிறது. மனைவி காலமாகிவிட்டார். அந்த அம்மாள் பல ஆண்டுகள் நம் குழந்தைகளுக்காகத் தமிழில் சிறு நாடகங்கள் எழுதி, நடிக்கக் கற்றுக்கொடுத்தவர். தாமே தட்டச்சு செய்து கணிப்பொறியில் சேர்த்து வைத்திருந்தார். அந்தக் கணிப்பொறி இப்போது தினமும் நின்றுபோகிறது. சில நாள் மறுபடி தொடங்கும்போது டிஸ்க்கைச் சோதிப்பதாக அறிவிப்பும் வருகிறது. ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு, "பார்மட் செய்ய வேண்டும், தமிழ்க் கோப்புகள் எல்லாம் கெட்டுப்போய்விட்டன" என்று சொல்லிப் போயிருந்தார்.

"கம்ப்யூட்டர் போனாப் போகட்டும் சார். அவ எழுதின இருபத்திரண்டு நாடகம் அதுக்குள்ள இருக்கு. அது வந்தாப் போதும்" என்றார் பெரியவர்.

"ஒரு வாரம் பொறுங்கோ சார். அது வரைக்கும் யார் சொன்னாலும் பார்மட் மட்டும் பண்ண வேண்டாம். எப்பெப்ப நிக்கறதுன்னு எழுதி வையுங்கோ" என்றேன்.

அவர் அரசாங்கக் கணக்குத் துறையில் இருந்தவர். கட்டம் போட்டு அழகாக எழுதி வைத்திருந்தார். ஏழு நாளில் பதினொரு முறை நின்றிருக்கிறது. அவற்றில் ஒன்பது, பகல் பன்னிரண்டுக்கும் நான்குக்கும் இடையே. எந்த அறிவிப்பும் இல்லாமல் விளக்கு அணைந்ததுபோல் நின்றது. மற்ற இரண்டும் மாலையில், தண்ணீர் மோட்டார் போட்ட அதே நிமிடம். காலை வேளையில் ஒரு முறைகூட இல்லை.

பட்டியலைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது. நடுப்பகலில் நிற்பது சூட்டினால். மோட்டார் போடும்போது நிற்பது மின்னழுத்தம் இறங்குவதால். டிஸ்க்கைப் பற்றி வந்த அறிவிப்பு, அடிக்கடி சட்டென்று நின்றதன் விளைவே தவிர, காரணம் அன்று. பார்மட் செய்திருந்தால் மறுநாள் நடுப்பகலில் மறுபடியும் நின்றிருக்கும்!

அந்தப் பட்டியல் இன்னொன்றும் சொன்னது. எந்த நேரத்தில் அது நிற்காது என்று. மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய், வேறெதையும் தொடாமல், முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்தோம். பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுத்தேன். மேல் மூடியைத் திறந்தால், பிராசசர் மேலிருக்கும் விசிறி தில்லிப் புழுதியில் கம்பளி போர்த்தியதுபோல் இருந்தது. அதைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றி, யூ.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி போட்டோம். செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

நாடகங்கள்? அவற்றை என் மடிக்கணினியில் திறந்தபோது ஆங்கில எழுத்தும் புள்ளியும் வால் முளைத்த குறிகளும் கலந்து ஒரே கிறுக்கலாகத்தான் வந்தன. கடைக்காரர் சொன்னது இதைத்தான். ஆனால் கோப்புகள் கெடவில்லை. 1990-களில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியவர்கள் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக வைத்தது. இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. இன்று எங்கும் வழங்குவது யூனிகோடு. பழைய முறையில் எழுதிய கோப்பை அதே எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும்.

பெரியவரின் பழைய கணிப்பொறியில், விண்டோஸின் ஃபான்ட்ஸ் என்ற பகுதியில் அந்த எழுத்துரு இருந்தது. அதையும் நகல் எடுத்து என் கணிப்பொறியில் நிறுவியதும் இருபத்திரண்டு நாடகங்களும் தமிழில் வந்தன. பின்னர் மாற்றி நிரல் மூலம் யூனிகோடுக்கு மாற்றினோம். பார்மட் செய்திருந்தால் அந்த எழுத்துருவும் போயிருக்கும். பழைய தமிழ்க் கோப்புகள் வைத்திருக்கும் அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோப்புகளோடு எழுத்துருவையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.

எது எதன் அடையாளம்?

அறிவிப்பே இல்லாமல் சட்டென்று அணைந்தால் சூடு அல்லது மின்சாரம். தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது அறைக்குள் இருக்கும் பெட்டி படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கூலரின் ஈரக்காற்று நேரே படும்படியும் வைக்காதீர்கள்.

நீலத்திரை வந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வாசகம் காட்டினால் முதலில் நினைவகத்தை, அதாவது ராமைச் சந்தேகிக்கலாம். விண்டோஸிலேயே உள்ள 'மெமரி டயக்னாஸ்டிக்' அதைச் சோதிக்கும். இரண்டு ராம் அட்டைகள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸ் 11-இல் 2025-இல் இந்த நீலத்திரை கறுப்பாக மாற்றப்பட்டது. நிறம் மாறினாலும் படிக்க வேண்டிய வாசகம் அதில் உண்டு.

எப்போதும் ஒரே வாசகம், அதுவும் ஒரே நிரலைத் திறக்கும்போது அல்லது பிரிண்டரை இணைக்கும்போது வந்தால், அந்த நிரலோ அதன் டிரைவரோதான் காரணமாக இருக்கும். அண்மையில் சேர்த்ததை நீக்கிப் பாருங்கள். சேஃப் மோடில் ஒழுங்காக ஓடினால் இந்தச் சந்தேகம் வலுப்படும்.

கோப்பைத் திறக்க வெகுநேரம் ஆகிறது, டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று ஓசை வருகிறது என்றால் தாமதிக்காமல் நகல் எடுங்கள். டிஸ்க்கைச் சரிசெய்யும் நிரல்களை நகல் எடுத்த பிறகே ஓட்ட வேண்டும். நலிந்த டிஸ்க்கை அவை மேலும் வாட்டிவிடும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நாளில் நான்கு மருந்து சாப்பிட்டால் எது குணமாக்கியது என்று எப்படித் தெரியும்?

பெட்டியைத் திறப்பவர்கள் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திறக்கவும். குளிர்காலத்தில் கம்பளி ஸ்வெட்டரோடு ராமைத் தொடாதீர்கள். தில்லியின் வறண்ட காற்றில் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் அதைக் கெடுக்கக்கூடும். உள்ளே தனிப் பெட்டியாக இருக்கும் பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் பிரிக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

பெரிய பழுதுபோல் தெரிவதெல்லாம் பெரிய பழுது அல்ல. 2024 ஜூலை 19 அன்று 'கிரவுட்ஸ்டிரைக்' என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தவறான ஒரு சிறு கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலான கணிப்பொறிகளைச் சேஃப் மோடில் தொடங்கி அந்தக் கோப்பை நீக்கியதும் அவை பழையபடி ஓடின. எந்த டிஸ்க்கையும் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை.

பொய் அறிவிப்பு

ஒரு வகை அறிவிப்பை மட்டும் நம்பவே கூடாது. இணையம் பார்க்கும்போது திரை முழுதும் சிவப்பாகி, சங்கொலி எழுப்பி, "உங்கள் கணிப்பொறி முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு உடனே பேசுங்கள்" என்று வரும். விண்டோஸின் உண்மையான பிழை அறிவிப்பில் தொலைபேசி எண் இருக்காது. அது வந்தால் பேசாதீர்கள். அவர்கள் சொல்லும் நிரல் எதையும் நிறுவாதீர்கள். பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக வாழும் பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற அரசின் உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

புதியது வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக நிறுத்திக்கொண்டது. பழைய கணிப்பொறியில் வங்கி வேலை செய்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் மாற்றுவதாயினும் காரணம் தெரிந்து, நகல் எடுத்து, நிதானமாக மாற்றுங்கள்.

நகல் எடுக்கும் வேலையைக் கோளாறு வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் ஒரு வெளி டிஸ்க், ஊரிலோ உறவினர் வீட்டிலோ இன்னொன்று என்று இரண்டு பிரதிகள் இருக்கட்டும். வரும் ஞாயிறன்று, காலைக் காபிக்குப் பின் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று சங்கத்துக் குடும்பங்கள் அனைத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.