ஈறு மாறினால் பொருள் மாறும்

திருச்சானூரிலும் திருப்பதி நகரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலமுமாக மூன்று மொழிகளைக் கையாளுகின்றனர். முதலிரண்டும் செவிவழி வருவன. மூன்றாவது ஏட்டின் வழி வருவது. ஆகையால் ஒரே அடியிற் பிறந்து ஈற்றில் மட்டும் வேறுபடும் ஆங்கில அடைமொழிகள் அவர்களை மயக்குகின்றன. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது இம்மயக்கம் எதிரே இருப்பவர் கண்ணில் உடனே படும்.

'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிக்கல்' என்னும் இரண்டை எடுத்துக்கொள்வோம். கடந்த காலத்தைச் சார்ந்த யாவும் ஹிஸ்டாரிக்கல். வரலாற்றில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது மட்டுமே ஹிஸ்டாரிக். நம் ஊரைத் திருச்சோகினூர் என்று குறிக்கும் பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஹிஸ்டாரிக்கல் சான்று. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன என்பதும் அவ்வகைச் செய்தியே. 1960 ஏப்ரல் 1இல் எல்லை திருத்தப்பெற்றுத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. அந்நாள் ஹிஸ்டாரிக். அதனை ஆராயும் நூலோ ஹிஸ்டாரிக்கல் நூல்.

'கிளாசிக்', 'கிளாசிக்கல்' என்பவற்றின் வேற்றுமை நம்மை இன்னும் நெருங்கித் தொடுவது. தன் வகையில் தலைசிறந்து நிற்பது கிளாசிக். ஒரு நல்ல திரைப்படமும் அப்பெயர் பெறலாம். தொன்மையும் தனி மரபும் வாய்ந்த மொழி, இசை, இலக்கியம் ஆகியவை கிளாசிக்கல். 2004 அக்டோபர் 12ஆம் நாள் இந்திய அரசு தமிழுக்கு வழங்கிய தகுதி கிளாசிக்கல் மொழி என்பதே. 2008இல் தெலுங்கும் அச்சிறப்பைப் பெற்றது. ஈற்றிலுள்ள 'அல்' நீங்கிவிடின், செம்மொழி என்னும் தகுதி போய் வெறும் பாராட்டு மிஞ்சும்!

மின்சாரத்தால் இயங்கும் இரயிலும் விசிறியும் எலெக்ட்ரிக். மின்சாரம் பற்றிய படிப்பும் தொழிலும் எலெக்ட்ரிக்கல். 'எலெக்ட்ரிக் எஞ்சினீயர்' என்று எழுதினால், அவரும் விசிறியைப் போலச் சுவிட்சைத் தட்டினால் ஓடுபவர் என்று படிப்பவர் நகைப்பர்.

ஆங்கிலத்தில் 'இக்' என்னும் ஈறு கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியே வந்தது. 'அல்' இலத்தீனுக்கே உரியது. முற்காலத்தில் இவ்விரு வடிவங்களையும் ஆங்கிலேயரே வேறுபாடின்றி ஆண்டனர். பொருள் பிரிந்தது பிற்கால வழக்கினால்தான். எனவே எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும் ஒரே விதியைத் தேடுவது வீண்.

தமிழோ இவ்வேற்றுமையைத் தனிச் சொல்லாலேயே காட்டிவிடும். 'எகனாமிக்' என்பது பொருளாதாரம் பற்றியது, 'எகனாமிக்கல்' சிக்கனமானது. நாட்டுக்கு வருவது எகனாமிக் நெருக்கடி. குறைந்த எரிவாயுவில் சமைக்கும் அடுப்பு எகனாமிக்கல். முதலில் தமிழிலே நினைத்துப் பார்க்கும் பிள்ளை இங்கே தவறாது. ஆனால் 'எகனாமிக்கலி' என வினையடையாகும்போது இரு பொருளும் ஒன்றாய்க் கலந்துவிடும். அவ்விடத்தில் சூழ்நிலையே துணை.

மடலின் முடிவிலும் ஓர் இடறல் உண்டு. 'ரெஸ்பெக்ட்ஃபுலி' என்பது மதிப்புடன். 'ரெஸ்பெக்டிவ்லி' என்பது முறையே. விண்ணப்பத்தின் அடியில் பின்னதை இட்டுக் கையொப்பமிட்டால், 'முறையே தங்கள்' என்றாகும். யாருக்கு முறையே என்று அதிகாரி திகைப்பார்.